பின்னாலிருந்து சொன்னால் மறையும் பெயர்: மிக்ஸ்யெஸ்பிட்லிக்கைத் தமிழில் எப்படித் திருப்புவது?

அருவியோரம் (கோத்தகிரி):
வணக்கம். இங்கே ஊர் நூலகத்துக்கு 16 பக்கச் சித்திரக்கதை ஒன்று தயாராகுது. ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை, 8 முதல் 12 வயசுப் பிள்ளைகளுக்கு. அதில் ஒரு குட்டிச்சாத்தான் வருது. சூப்பர்மேன் கதைகளில் தொப்பி போட்ட ஒரு குறும்புக்கார உருவம், தன் பெயரைப் பின்னாலிருந்து சொன்னதும் மறைஞ்சு போகுமே, அந்தச் சாயல். அந்தப் பெயர் எந்த மொழிச் சொல்? அதுக்குப் பொருள் உண்டா? தமிழில் அப்படி ஒரு பெயர் வைக்கணும்னா எதையெல்லாம் பார்க்கணும்? பிள்ளைகளிடம் அந்தப் பெயரை "மிக்ஸ்யெஸ்பிட்லிக்" என்று எழுதிக் கொடுத்துத் திருப்பச் சொன்னால் ஆளுக்கொரு விடை வருது. எது சரி என்று யாராவது சொல்லுங்க.

பழையபுத்தகம் (கொடைக்கானல்):
எந்த மொழியிலும் அது சொல்லே இல்லை. 1944ஆம் ஆண்டு 30ஆம் எண் சூப்பர்மேன் இதழில் அந்தப் பாத்திரம் வந்தது. அப்போது பெயரில் இருந்த எழுத்துகள்: எம், எக்ஸ், ஒய், இஸட், டி, பி, எல், கே. இன்று புழங்கும் பெயரில் எம், எக்ஸ், ஒய், இஸட், பி, டி, எல், கே. 'டி'யும் 'பி'யும் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். பழைய இதழ்களை வைத்துக்கொண்டு "அச்சுப்பிழை" என்று வாதாடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் வந்தது டி-பி வரிசைதான். பின்னால் பி-டி வரிசை நிலைத்துவிட்டது.

எட்டு எழுத்தில் அ, இ, உ போல ஓர் உயிர்கூட வெளிப்படையாக இல்லை. நடுவில் எக்ஸ், ஒய், இஸட் மூன்றும் அகரவரிசைப்படியே நிற்கின்றன. அதைத் தவிர ஒழுங்கு எதையும் காண முடியாது. படிப்பவர் முதல் பார்வையிலேயே தடுக்கி விழ வேண்டும், அதற்காகவே கட்டிய பெயர். அவன் வேறொரு பரிமாணத்து அரசவைக் கோமாளி. நம் உலகத்து வாய்க்கு அவன் பெயர் அடங்கக்கூடாது. அவன் நாட்டின் பெயரையும் இஸட், ஆர், மூன்று எஃப் என்று உயிரில்லாமலேதான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரங்களில் இந்த வழக்கம் தனியாக நிற்பதும் அல்ல. தலைக்கு மேல் எப்போதும் மழைமேகத்தோடு திரியும் ராசியில்லாத மனிதன் ஒருவனை ஆல் கேப் 1942இல் வரைந்தார். அவன் குடும்பப் பெயர் பி, டி, எஃப், எஸ், பி, எல், கே. நாக்கை நீட்டி உதட்டோடு சேர்த்துப் 'ப்ர்ர்ர்' என்று ஊதினால் அதுதான் உச்சரிப்பு என்பார் கேப்.

ஆகவே "பொருள் என்ன" என்று தேடுவதைவிட "இந்தப் பெயர் கதையில் என்ன வேலை பார்க்கிறது" என்று கேளுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைத்தான் செய்தார்கள். பிரிட்டிஷ் சித்திரக்கதை ஒன்றின் நாயகன் லூயிஸ் கிராண்டல். ஒரு கை எஃகு. மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பு மறையும். 1972இல் முத்து காமிக்ஸ் அவனை 'இரும்புக்கை மாயாவி' ஆக்கியது. ஒலியை விட்டார்கள், வேலையைப் பிடித்தார்கள். கதையின் இரண்டு விஷயமும் இரண்டே சொல்லில் வந்துவிட்டது.

மலைரயில் (குன்னூர்):
ஆளுக்கொரு விடை ஏன் வருதுன்னு சொல்றேன். தமிழில் ஒரு பெயரைத் திருப்ப மூணு வழி இருக்கு. பிள்ளைகள் ஆளுக்கொண்ணா எடுத்திருப்பாங்க.

முதல் வழி, எழுத்தெழுத்தா. மி, க், ஸ், யெ, ஸ், பி, ட், லி, க். ஒன்பது எழுத்து. திருப்பினால் க், லி, ட், பி, ஸ், யெ, ஸ், க், மி. "க்லிட்பிஸ்யெஸ்க்மி". புள்ளி எழுத்தில் தொடங்குறதால பாதிப் பேர் "கிலிட்..."னு தாங்களே ஓர் உயிரைச் சேர்த்துக்குவாங்க.

இரண்டாவது, ஒலி ஒலியா. உயிர்மெய்யை மெய்யும் உயிருமா உடைச்சுத் திருப்பணும். 'லிக்' என்பது ல்+இ+க். திருப்பினா க்+இ+ல், அதாவது 'கில்'. இப்படியே போனா "கில்டிப்ஸெய்ஸ்கிம்". ஆங்கிலக் கார்ட்டூன் தொடர்களில் அவன் மறையறப்போ சொல்றது ஏறக்குறைய "கெல்டிப்ஸ்யெக்ஸிம்". ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒண்ணுதான். தமிழில் அந்தக் கார்ட்டூன் ஒலி வேணும்னா ஒலிமுறைதான் வழி. எழுத்துமுறை வேற ஊருக்குக் கொண்டுபோயிடும். ஒரே ஒரு வித்தியாசம் எக்ஸ். அங்கே அது ஒற்றை எழுத்து, திருப்பினாலும் 'க்ஸ்'தான். நமக்கு அது க், ஸ் என்று ரெண்டு. திரும்பும்போது 'ஸ்க்' ஆயிடும்.

மூணாவது வழி, அசை அசையா. மிக்ஸ், யெஸ், பிட், லிக் என்று நாலு துண்டு. திருப்பினா "லிக்பிட்யெஸ்மிக்ஸ்". சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் இயல்பா வரும்.

கதையில் எது விதின்னு நீங்க முதல் ரெண்டு பக்கத்துக்குள்ள காட்டியே ஆகணும். இல்லேன்னா கடைசியில் அவன் மறையறது பிள்ளைகளுக்கு ஏமாத்து வேலையாத்தான் தெரியும்.

அருவியோரம் (கோத்தகிரி):
மூணும் தனித்தனின்னு இப்போதான் பிடிபடுது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துமுறைதானே சரி? 'விகடகவி'யை அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறோம்.

ஒற்றுப்பிழை (உதகை):
ஆமாம், எழுத்துமுறைதான். வி, க, ட, க, வி என்று பார்த்தால்தான் அது இருபக்கமும் ஒன்று. ஒலியாக உடைத்தால் "இவகடகிவ்" ஆகிவிடும். நம் மரபில் மாலைமாற்று, அதாவது திருப்பிப் படித்தாலும் மாறாத பாட்டு, முழுக்க எழுத்துமுறையே. மூன்றாம் திருமுறையில் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் இருக்கிறது. அதன் முதல் பாட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள்:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

முன்பாதி 14 எழுத்து, பின்பாதி 14. இந்தப் பாட்டில் புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் உயிர்மெய், எல்லாம் நெடில். 'யா'வில் தொடங்கி 'யா'வில் முடிகிறது. யகரத்தில் 'யா' ஒன்றுதான் சொல்லுக்கு முதலில் வரும் என்கிறது தொல்காப்பியம். பாட்டின் இரு முனையிலும் அதே எழுத்து. பெயர் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எது உடையும், ஏன் உடையும் என்றும் பார்த்துவிடுவோம். பெயர் ன், ம், ர் என்று புள்ளியில் முடிந்தால் திருப்பியதும் புள்ளியில் தொடங்கும், தமிழ்வாய்க்கு அது ஆகாது. 'வேதாளன்' திரும்பினால் "ன்ளதாவே". ஆண்பாற் பெயர் என்றாலே 'ன்' போட்டு முடிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். 'மாயாவி'யைத் திருப்புங்கள், "வியாமா" என்று சுகமாக வருகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் பெயரும் ஆகாது. 'உதகை' திரும்பினால் "கைதஉ". உயிர் தனியாகச் சொல்லின் கடைசியில் போய்த் தொங்கும். முதலெழுத்தில் குறில் எகரமோ ஒகரமோ இருந்தாலும் சிக்கல்தான், அந்த ஒலிகளில் தமிழ்ச்சொல் முடிவதில்லை. கடைசி எழுத்து க, ச, த, ந, ப, ம, வ வரிசையில் இருந்தால் நிம்மதி. ட, ண, ள, ழ, ற, ன வரிசை வேண்டவே வேண்டாம். ர, ல இரண்டும் இன்றைய காதுக்குப் பழகிவிட்டன, ஆனாலும் தவிர்ப்பது நல்லது.

மெல்லினமும் வல்லினமும் அடுத்தடுத்து நிற்கும் இடம்தான் பெரிய பள்ளம். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப எல்லாம் சோடி. திருப்பினால் சோடி பிரியும். நம் பக்கத்து ஊர்ப் பெயர் 'குந்தா'வைத் திருப்பிப் பாருங்கள். தா, ந், கு. ந்-க்குப் பின் கு நிற்காது. நாக்கு தானாகவே அதைத் 'தாங்கு' என்று மாற்றிவிடும். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. மந்திரச் சொல்லுக்கு அது கூடாது. இரட்டிக்கும் ஒற்றும் அப்படியே. 'கேத்தி' என்ற ஊர்ப் பெயர் திரும்பினால் "தித்கே". தாத்தா, பாப்பா போல இருபுறமும் அதே மெய் இருந்தால் மட்டும் தப்பிக்கும்.

மூல ஆங்கிலப் பெயருக்கு வருகிறேன். தமிழில் மூன்று மெய் சேர்ந்து நிற்பதே அரிது, 'வாழ்க்கை' போல ய், ர், ழ் முன்னால் இருந்தால்தான். சொல் வல்லின ஒற்றில் முடிவதும் இல்லை. அதனால் பிள்ளைகள் "லிக்"கைத் தங்களை அறியாமல் "லிக்கு" ஆக்கியிருப்பார்கள். அங்கிருந்தே திருப்பும் விடை மாறத் தொடங்கும்.

மொழித்தடம் (உதகை):
ஒற்றுப்பிழை அண்ணன் சொன்னது தமிழுக்குச் சரி. நீலகிரிக்கே அது முழுக்கப் பொருந்தாது. இங்குள்ள பழங்குடியான கோத்தரின் மொழியில் மெய்கள் வரிசைகட்டி நிற்கும். மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கே தங்கிக் கேட்டுப் பதிவு செய்தவர். அவருடைய கோத்தர் மொழிக் கதைத்தொகுப்பு வெளிவரத் தொடங்கியதும் அதே 1944. திராவிட மொழியியல் நூல்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் ஒரு கோத்தர் சொல் உண்டு. தொடக்கத்தில் 'அ' என்ற ஒரே உயிர். பிறகு பத்து மெய்: ன், பிரெஞ்சு ஜகரம் போன்ற உரசொலி ஒன்று, ர், ச், க், ச், க், வ், த், க். இடையில் ஓர் உயிர் கிடையாது. "ஒருவர் இன்னொருவரை அச்சுறுத்தச் செய்வார் என்பதால்" என்பது போன்ற ஒரு முழு வாக்கியத்தின் பொருள் அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அடியில் கிடப்பது நம் 'அஞ்சு' என்ற அதே வேர். மேலே ஒவ்வொன்றாக ஏறிய விகுதிகளின் உயிர்கள் உதிர்ந்ததில் மெய்கள் நெருங்கிவிட்டன.

மலைரயில் (குன்னூர்):
அட, அப்போ அதையே குட்டிச்சாத்தானுக்குப் பேரா வெச்சுடலாமே! கோத்தகிரிக் கதைக்குக் கோத்தகிரிச் சொல்.

மொழித்தடம் (உதகை):
வேண்டாம் தம்பி. சூப்பர்மேன் கதையில் மெய்கள் குவிந்திருப்பது பொருளின்மையைக் காட்ட. கோத்தர் சொல்லில் குவிந்திருப்பது பொருள். ஒவ்வொரு மெய்க்கும் ஓர் இலக்கணக் கடமை இருக்கிறது. பேசுகிறவர்கள் ஏழு ஊர்களில் நம் கூடவே வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அந்த நூலகத்துக்கு வரக்கூடும். அவர்கள் வீட்டுச் சொல்லை உளறலாகக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? தோடர் மொழிக்கும் இதே பேச்சுதான்.

மலைரயில் (குன்னூர்):
சரிங்கண்ணா. யோசிக்காம சொல்லிட்டேன், எடுத்துக்கறேன். அப்போ தமிழ் எழுத்திலேயே கட்டுவோம். பின்னாலிருந்து படிச்சா ஓர் அர்த்தம் வரட்டும். மிக்ஸ்யெஸ்பிட்லிக் நிரந்தரமா ஒழியறதில்லை. பிற்காலக் கதைகளில் 90 நாள் கழிச்சுத் திரும்பி வந்துடுவான். தமிழில் யாரையும் 'போ'ன்னு அனுப்ப மாட்டோம், 'போய் வா'ன்னுதான் சொல்லுவோம். அதையே வெச்சு "போய்வாநீ". திருப்பினா நீ, வா, ய், போ. "நீவாய்போ". எப்படி?

ஒற்றுப்பிழை (உதகை):
எண்ணம் அருமை. பெயரில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, 'வாய்போ' என்று கண்டால் மெய்ப்புப் பார்ப்பவர் கை சும்மா இருக்காது, ஒரு 'ப்' சேர்த்து "வாய்ப்போ" ஆக்கிவிடுவார். அப்புறம் திருப்பினால் "போப்ய்வாநீ". அங்கே டியும் பியும் இடம் மாறினாலும் இரண்டுமே சொல்ல முடியாத பெயர்கள், கதை தாங்கியது. இங்கே ஓர் ஒற்று கூடினால் கதை முடிந்தது. இரண்டாவது, நீ, வாய், போ மூன்றும் தெரிந்த சொற்கள். முன்னாலிருந்து படிக்கும்போதே பிரித்துவிடுவார்கள். முன்பக்கம் பொருள் இல்லாமலும் பின்பக்கம் பொருளோடும் இருக்க வேண்டும்.

பழையபுத்தகம் (கொடைக்கானல்):
பின்பக்கப் பொருளே வேண்டுமா என்று எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மூலத்தின் அழகே இரு பக்கமும் பொருளின்மை. பொருள் வைத்தால் ஐந்தாம் பக்கத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

அருவியோரம் (கோத்தகிரி):
கண்டுபிடிக்கட்டும் சார். கண்டுபிடிச்ச பிள்ளை மீதிப் பக்கத்தை இன்னும் ஆவலாப் படிக்கும். ஒற்றுப்பிழை அண்ணன் சொன்ன விதி எல்லாம் வெச்சு, பேச்சுவழக்கில் போய்ப் பார்த்தேன். "போயி வா ராசா". வீட்டுப் பெரியவங்க வழியனுப்புற பேச்சு. போ, யி, வா, ரா, சா. திருப்பினா சா, ரா, வா, யி, போ. சாராவாயிபோ. புள்ளியே இல்லை. அஞ்சும் உயிர்மெய்.

ஒற்றுப்பிழை (உதகை):
சோதித்தேன். முதலெழுத்து சா, சரி. திருப்பினால் முதலெழுத்து போ, சரி. மெல்லினச் சோடி இல்லை, இரட்டிப்பு இல்லை, ஒற்றுச் சேர்க்க இடமே இல்லை. 'சாரா' முன்னால் நிற்பதால் 'வா' மறைந்துவிடுகிறது. இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நுணுக்கம். 'சாராவாயிபோ'வில் பகரம் உயிர்களுக்கு இடையில் நிற்கிறது, அதனால் மென்மையாக ஒலிக்கும். திருப்பினால் சொல்லின் முதலில் வந்து வன்மையாகும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து, திருப்பல் அங்கேயே கெட்டிருக்கும். நமக்கு ஒரே எழுத்து என்பதால் தாளில் பிழை வராது. உரக்கப் படித்துக் காட்டுகிறவர் மட்டும் கவனிக்க வேண்டும்.

மலைரயில் (குன்னூர்):
கணினியில் திருப்பிச் சரிபார்க்கறவங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிரலில் எழுத்துச் சரத்தை அப்படியே திருப்பற கட்டளை, எழுத்தைத் திருப்பாது, ஒருங்குறிப் புள்ளியை, அதாவது கணினி சேமிக்கற குறியீட்டைத் திருப்பும். சாராவாயிபோ நம்ம கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்கு 10 புள்ளி: ஒவ்வொரு எழுத்துக்கும் மெய் ஒண்ணு, உயிர்க்குறி ஒண்ணு. அப்படியே திருப்பினா முதல்ல ஓகாரக் குறி அநாதையா ஒரு புள்ளிவட்டத்தோட நிக்கும். பின்னால "பியாவாராச"ன்னு வரும். ஒவ்வொரு உயிர்க்குறியும் பக்கத்து மெய்யில் ஏறிக்கிட்டதோட விளைவு அது. விகடகவிகூட இந்தச் சோதனையில் தோத்துடும். முதல்ல சரத்தை முழு எழுத்துகளாப் பிரிச்சு, அப்புறம் வரிசையைத் திருப்பணும். அஞ்சு எழுத்துக்கு விரலே போதும்.

இன்னொண்ணு, திருப்பறதும் கண்ணாடியில் தெரியறதும் வேற. படத்தில் எழுத்தை இடவலமாக் கவிழ்த்து வரைஞ்சுடாதீங்க. முதல் தடவை பெயர் வர்றப்போ அஞ்சு கட்டத்தில் அஞ்சு எழுத்தாப் பிரிச்சு வரைங்க. பிள்ளை விரலை வெச்சுப் பின்னாலிருந்து தொட்டுக்கிட்டே வரலாம்.

பழையபுத்தகம் (கொடைக்கானல்):
பெயரை ஏற்கிறேன், தயக்கம் தீர்ந்தது. 'போயி வா' என்பதில் அவன் திரும்பி வருவான் என்ற செய்தியும் அடங்கிவிடுகிறது. மூலத்தில் 90 நாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே மொழியே சொல்லிவிடுகிறது.

ஆனால் ஒன்று. மறைய வேண்டுமானால் அவனே தன் வாயால் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்லியும் பயனில்லை. சூப்பர்மேன் கதைகளின் சூழ்ச்சி எல்லாம் அதற்காகத்தான். பொருளற்ற சொல்லை அவன் வாயில் வரவழைப்பது அங்கே கடினம். இங்கே அது அன்றாட வழியனுப்புச் சொல், எளிதில் வந்துவிடும். அதனால் முன்பக்கங்களில் அவனை 'கிளம்பு', 'நட' என்று மட்டும் சொல்ல வையுங்கள். வழியனுப்பும் சொல்லுக்கு அவன் அஞ்சுகிறான் என்பது ஒரு துப்பு. அவனுக்குப் பிறர் பேச்சை அப்படியே நையாண்டி செய்யும் பழக்கத்தையும் நாலாம் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி பேரனிடம் "போயி வா ராசா" என்பாள். இவன் பழக்கதோஷத்தில் அவள் குரலில் திருப்பிச் சொல்வான்.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸ்யெஸ்பிட்லிக்கின் பெயரும் உருவமும் சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனத்துக்கு உரியவை. தொப்பியையும் மாற்றிவிடுங்கள்.

அருவியோரம் (கோத்தகிரி):
பாட்டி யோசனை அருமை சார். அப்போ அவன் சொல்றது எந்தப் பக்கத்தில் வரணும்?

பழையபுத்தகம் (கொடைக்கானல்):
16 பக்க ஏ5 என்றால் நான்கு ஏ4 தாள், இருபுறமும் நகல், நடுவில் மடித்துத் தைப்பது. வெளித்தாளின் ஒரு புறம் 16ம் 1ம், மறுபுறம் 2ம் 15ம். நடுத்தாளின் உள்புறம் 8ம் 9ம். ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் வலப்புறம் விழும். அவன் பாட்டியைப் போலப் பேசுவதை 13ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வையுங்கள். தாளைப் புரட்டினால் 14இன் முதல் கட்டம் வெறும் மூடுபனி. அதே பக்கத்தில் இரண்டும் வந்தால் கண் முன்னாலேயே ஓடி மறைவைப் பார்த்துவிடும்.

ஏ4இல் வரைந்து 71 விழுக்காட்டுக்குச் சுருக்குவீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்து உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எழுதுங்கள், அச்சில் மூன்றரையாக வரும். 0.5 பேனாவில் வைத்த புள்ளி 0.35க்குப் போய் நகலில் காணாமல் போகும். பெயரில் புள்ளி இல்லாததால் அது தப்பிக்கும். மற்ற வசனத்துக்கு 0.8 எடுங்கள்.

மொழித்தடம் (உதகை):
தென்மேற்கு மழைக்காலத்தில் எழுதுவதாக இருந்தால் தாளைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். இங்கே நமுத்த தாளில் மை கசிந்து, 'ரா'வின் கால் 'வா'வோடு ஒட்டிக்கொள்ளும். பெயரில் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அருவியோரம் (கோத்தகிரி):
எழுத்து இடைவெளியைக் கூட்டி, கட்டத்தை ஒவ்வொண்ணும் 12 மில்லிமீட்டர் ஆக்கிட்டேன். முதல் பக்கத்தில் தேயிலை மூட்டை அஞ்சு, ஒவ்வொண்ணு மேலேயும் ஓர் எழுத்து. மூட்டைக்குப் பின்னால அவன் தலை மட்டும் தெரியும். தொப்பி இல்லை, தலையில் மழைக்கு மடிச்சுப் போடற கொங்காடை போட்டிருக்கான்.